1996-இல் ஆட்சியை மாற்றியது ரஜினியின் குரலா?

தாமிரபரணியான்:
தேர்தல் நெருங்கினால் போதும், எந்த நடிகர் யாருக்குக் குரல் கொடுப்பார் என்ற பேச்சு வந்துவிடுகிறது. அதற்கெல்லாம் அளவுகோல் 1996. ஜெயலலிதா மறுபடி ஆட்சிக்கு வந்தால் தமிழ்நாட்டை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது என்று ரஜினி சொன்னது இன்றும் பலருக்கு மனப்பாடம். தி.மு.க. – த.மா.கா. (மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ்) அணி 39 மக்களவைத் தொகுதிகளையும் அள்ளியது. சட்டமன்றத்தில் அ.தி.மு.க.வுக்கு 4 இடம்தான். ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். அந்தக் குரல் இல்லாமல் இவ்வளவு பெரிய சரிவு வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். மூப்பனார் கட்சி தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ரஜினி சைக்கிள் ஓட்டும் படத்தைச் சுவரில் ஒட்டியதும் அந்தக் கட்சியின் சைக்கிள் சின்னம் பட்டிதொட்டியெல்லாம் போய்ச் சேர்ந்தது.

வடாற்காட்டுச் செல்வி:
அந்த ஐந்து வருட ஆட்சியை அப்படியே தாண்டிப் போகிறீர்களே! ஊழல் புகார்கள், 1995 செப்டம்பரில் ஊரே வாய்பிளந்த வளர்ப்பு மகன் திருமணம், எல்லாம் சேர்ந்து மக்கள் கொதித்துப்போயிருந்தார்கள். அந்த நேரத்தில் டெல்லி காங்கிரஸ் அ.தி.மு.க.வோடு சேர்ந்ததால்தான் த.மா.கா.வே பிறந்தது. மூப்பனாரோடு வந்தவர்கள் கிராமம் கிராமமாகக் கொடி பிடித்த பழைய காங்கிரஸ்காரர்கள். அந்த வாக்கும் தி.மு.க. வாக்கும் ஒரே பக்கம் நின்றால் மிச்சம் என்ன இருக்கும்?

அப்புறம் 1998-ஐப் பாருங்கள். அதே ரஜினி, அதே அணிக்கு ஆதரவு. அ.தி.மு.க. அணி 39-இல் 30 இடங்களைப் பிடித்தது. இரண்டு வருடத்தில் அவருடைய ரசிகர்களா குறைந்துவிட்டார்கள்?

தாமிரபரணியான்:
1998-இல் கோவைக் குண்டுவெடிப்பு நடந்தது. பா.ஜ.க., பா.ம.க., ம.தி.மு.க. எல்லாம் அ.தி.மு.க. பக்கம் நின்றன. எதிர்க்காற்றை எந்த நடிகராலும் நிறுத்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பவருக்கு ஒரு துணிச்சல் வேண்டும். என் அப்பா எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து இரட்டை இலையைத் தவிர வேறெதற்கும் ஓட்டுப் போட்டதில்லை. 1996-இல் மாற்றிப் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "ரஜினியே சொல்றாரேப்பா" என்றார். அந்த ஒரு வாக்கை நான் கண்ணால் பார்த்தேன்.

பழைய மன்றத்துக்காரன்:
செல்வி அக்கா சொல்வதன் மறுபக்கத்தை நான் அனுபவித்திருக்கிறேன். 2004-இல் பா.ம.க.வுக்கு எதிராக ரசிகர்கள் வேலை செய்ய வேண்டும் என்றார் தலைவர் ரஜினி. திண்டிவனம் பக்கம் நாங்கள் வீடு வீடாகப் போனோம். எங்கும் விரட்டவில்லை. திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள், அடுத்த படம் எப்போது என்று கேட்டார்கள். ஓட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், "அது நம்ம ஆளுக்குத்தான் தம்பி" என்று முடித்துக்கொண்டார்கள். என் சொந்த மச்சானே எங்களோடு கொடி பிடித்துவிட்டு பா.ம.க.வின் மாம்பழத்தில் குத்தினான். புதுச்சேரியையும் சேர்த்து, போட்டியிட்ட 6 தொகுதிகளிலும் பா.ம.க. ஜெயித்தது. நதிகளை இணைப்பதாகச் சொன்ன பா.ஜ.க.வுக்குத்தான் தன் வாக்கு என்று தலைவர் அறிவித்தார். அந்த அணிக்கு 40-இல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் மேல் இருந்த அன்பு எங்கள் ஊரில் குறையவில்லை. ஆனால் சாதி, கட்சி, சொந்தபந்தம் என்று வரும்போது அந்த அன்புக்கு அங்கே வேலை இல்லை.

வடாற்காட்டுச் செல்வி:
2011-இல் வடிவேலுவுக்கும் இதுதான் நடந்தது. தி.மு.க.வுக்காக ஊர் ஊராகப் போய் விஜயகாந்தைத் தாக்கிப் பேசினார். கூட்டம் அலைமோதியது. முடிவு வந்தபோது தே.மு.தி.க. 29, தி.மு.க. 23. அதற்குப் பிறகு அவருக்குப் பட வாய்ப்புகளும் அருகிப்போயின. அவ்வளவு பெரிய கலைஞன் சில வருடம் திரையில் இல்லாமல் போனதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

எண்கணக்கன்:
வெளியூர் உதாரணம் ஒன்று. 2008-இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்வில், ஓப்ரா வின்ஃப்ரேயின் ஆதரவால் ஒபாமாவுக்குச் சுமார் 10 லட்சம் வாக்குகள் கூடுதலாகக் கிடைத்தன என்று மேரிலாந்து பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் கணக்கிட்டார்கள். அது உட்கட்சிப் போட்டி. கொள்கையில் பெரிய வேறுபாடு கிடையாது, ஒபாமா பலருக்குப் புதுமுகம். 2024-இல் டெய்லர் ஸ்விஃப்ட் கமலா ஹாரிஸை ஆதரித்துப் பதிவிட்டபோது, ஒரே நாளில் 4 லட்சம் பேர் அவர் கொடுத்த இணைப்பு வழியாக வாக்காளர் பதிவுத் தளத்துக்குப் போனார்கள். ஹாரிஸ் தோற்றார். வாக்காளருக்கு ஆளையோ சின்னத்தையோ சரியாகத் தெரியாத இடத்தில்தான் நட்சத்திரத்துக்கு மதிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

தாமிரபரணியான்:
சைக்கிளைப் பற்றி நான் சொன்னதும் இதுதானே!

வடாற்காட்டுச் செல்வி:
சரி, 1996 மக்களவைத் தேர்தலிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். சைக்கிள் 20-க்கு 20. உதயசூரியன் 17-க்கு 17. ரஜினி படம் தேவைப்படாத பழைய சின்னமும் அதே மாதிரிதான் ஜெயித்திருக்கிறது.

தாமிரபரணியான்:
நாற்பது வருடப் பழக்கமுள்ள சின்னத்துக்குச் சமமாகச் சில வாரச் சின்னம் ஓடியிருக்கிறதே, அதை எதில் சேர்ப்பீர்கள்?

வடாற்காட்டுச் செல்வி:
மூப்பனாரோடு வந்த காங்கிரஸ்காரர்கள் கணக்கில். உங்கள் அப்பாவின் வாக்கை மட்டும் ரஜினிக்கே தருகிறேன்.