புனைநூலகமா, பொய்ந்நூலகமா?

வணக்கம் ஐயா,

எழுத்தாளர் எள்ளலுக்காகக் கதையில் கட்டும் நூலகத்துக்கு நீங்கள் தந்த 'புனைநூலகம்' என்ற தமிழ்ச்சொல் எனக்கும் முதலில் பிடித்தது. புனைபெயர், புனைகதை வரிசையில் இயல்பாக உட்கார்கிறது. ஆனால் நேற்று தங்கையிடம் சொன்னபோது, "நாவல் மட்டும் வைத்திருக்கிற லைப்ரரியா?" என்று கேட்டாள். புனைநூல் + அகம் என்று பிரித்துவிட்டாள். அவள் மேல் தப்பில்லை, சொல் அப்படித்தான் பிரிகிறது.

என் பரிந்துரை 'பொய்ந்நூலகம்'. செய்ந்நன்றி, மெய்ஞ்ஞானம் போல ஒற்று மிகும்.

பிரெஞ்சு எழுத்தாளர் ரபலே 1532இல் வெளியிட்ட 'பந்தாகுருயேல்' கதையைப் பாருங்கள். படிக்கப் பாரிசுக்கு வரும் நாயகன் சான் விக்தோர் மடத்து நூலகத்தைப் பார்க்கிறான். அப்புறம் வருவதெல்லாம் நூற்பெயர்கள்தான். அதில் ஒன்று குடல் கறியின் மேன்மையைப் பற்றியது, எழுதியவர் பேடா என்று இருக்கும். நோயல் பேடா அன்று பாரிசின் சொர்போன் கல்லூரியில் உண்மையாகவே இருந்த இறையியலாளர், மறுமலர்ச்சிக்கால அறிஞர் எராஸ்மசைக் கடுமையாக எதிர்த்தவர். நூல் பொய், ஆள் மெய். ஒரு வரி விமர்சனம் இல்லாமல் தலைப்பை வைத்தே ஆளை அடித்துவிடுகிறார் ரபலே. முதற்பதிப்பில் 40 சொச்சம் இருந்த பட்டியல் 1542இல் சுமார் 140 ஆனது.

அந்த மடமும் நூலகமும் பாரிசில் நிஜமாகவே இருந்தவை. அதனால்தான் 'கற்பனை நூலகம்' என்ற சொல் இங்கே ஒட்டவில்லை. பொய்ந்நூல் + அகம் என்று பிரித்தால் பொருந்துகிறது. ஆங்கிலக் கவிஞர் ஜான் டன் எழுதிய பட்டியல் வேறு வகை. படிக்காமலே அறிஞராகத் தெரிய விரும்பும் அரசவையாளருக்காக 34 இல்லாத நூல்களை இலத்தீனில் அடுக்கினார். அங்கே நூலகமே கிடையாது. அது பொய் + நூலகம். தங்கை பிரித்த அதே இடத்தில் பிரித்தாலும் சரி, பிரிக்காவிட்டாலும் சரி, இந்தச் சொல் நிற்கிறது.

'பொய்' என்றதும் பொய்ச்சாட்சி நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் தயங்கியிருந்தார். எனக்குப் பொய்க்கால் குதிரைதான் நினைவுக்கு வருகிறது. ஆடுபவர் இடுப்பில் மாட்டியிருப்பது வெறும் கூடு என்று கூட்டத்துக்குத் தெரியும், தெரிந்தேதான் ரசிக்கிறது. வாசகரும் அப்படித்தான். இன்னொருவர் சொன்ன 'எள்ளல் நூலகம்' நோக்கத்தைச் சொல்கிறது, ஆனால் எது பொய் என்று சொல்லவில்லை.

இப்படி இல்லாத நூல்களை அடுக்கும் பட்டியலுக்கும் ஒரு சொல் வேண்டுமே. 'பொய்ந்நூற்பட்டியல்' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் கொஞ்சம் இடறுகிறது. புணர்ச்சியைப் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா.