லபுக்கலை ஏற்றத்தில் மட்டும் எரிந்த எஞ்சின் லைட்

கந்தப்பளையிலிருந்து:

எங்களுடையது 2008 ஆம் ஆண்டு டீசல் டபுள் கெப். லீக்ஸ், கரட், கோவா ஏற்றிக்கொண்டுபோய் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் இறக்குவோம். திரும்பும்போது கம்பளையில் உர மூட்டை ஏற்றி வருவோம். எட்டு மாதமாக இந்த வண்டியில் எஞ்சின் லைட் அழிக்க அழிக்கத் திரும்ப எரிந்தது. இதே கஷ்டத்தில் இருக்கும் யாருக்காவது காசு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தடவை எரிந்ததும் நேரே கராஜுக்குப் போனேன். ஸ்கேன் பண்ணிவிட்டு, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடும் ஈஜிஆர் வால்வு அடைத்திருக்கும் என்று கழற்றிக் கழுவினார்கள். ஒரு கைப்பிடி கரி வந்தது உண்மைதான். அடுத்த தம்புள்ளைப் பயணத்தில் மறுபடியும் எரிந்தது. இரண்டாவது கராஜில் காற்றை அளக்கும் சென்சரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. மூன்றாவது இடத்தில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவே போய்விட்டது என்றார்கள். அவர்கள் சொன்ன விலை, எனக்கு ஒரு போகத்து லீக்ஸ் காசு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஹட்டனில் இருக்கும் என் மச்சான்தான் சரியான கேள்வியைக் கேட்டார்: "லைட் எந்த இடத்துல வச்சு எரியுது மச்சான்?" யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் றம்பொடை தாண்டி, லபுக்கலைத் தேயிலை மலையில் வளைந்து ஏறும் இடத்தில்தான். அதுவும் மூட்டையோடு வரும்போது மட்டும். மாத்தளைப் பக்கம் சமதரையில் ஒரு நாளும் எரிந்ததில்லை.

"இனி யாரையும் பிழை எண்ணை அழிக்க விடாதே" என்று சொல்லி, போனோடு புளூடூத்தில் பேசும் சின்ன ஸ்கேனர் ஒன்றைத் தந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முள் சொக்கெட்டில் செருக வேண்டியதுதான். அடுத்த பயணத்தில் லைட் எரிந்ததும் ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். பிழை எண் பி0299. கேட்ட அளவுக்கு டர்போ அழுத்தம் வரவில்லை என்று அர்த்தம். கூடவே, லைட் எரிந்த அந்த நொடியில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்பதும் பதிவாகியிருந்தது: எஞ்சின் சுற்று 2,350, சுமை 94 சதவீதம், தண்ணீர் சூடு 88 பாகை. பிழை எண்ணை அழித்தால் இந்தப் பதிவும் சேர்ந்தே அழிந்துவிடும். மூன்று கராஜிலும் அதைத்தான் அழித்துவிட்டு வண்டியைத் தந்தார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம் அதுதான்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். அந்தக் குறையை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுற்ற வேண்டும். கொழும்பு ரோட்டில் கண்ணுக்கே தெரியாத கசிவு, இங்கே சுமையோடு ஏறும்போது வெளிவந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்தி, டர்போவிலிருந்து, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் றப்பர் குழாயை டோர்ச் அடித்துப் பார்த்தோம். மேல்பக்கம் புதுசு போல இருந்தது. கிளிப்புக்குப் பக்கத்தில், அடிப்பக்கம் விரலை விட்டதும் பிசுபிசுத்தது. எண்ணெயில் ரோட்டுத் தூசி ஒட்டிக் கறுப்புக் களி மாதிரி இருந்தது. துணியால் துடைத்துவிட்டுக் குழாயை வளைத்தேன். சுண்டுவிரல் நகம் அளவு வெடிப்பு ஒன்று வாய் திறந்தது. கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. கராஜில் வண்டி சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது இது யார் கண்ணில் படும்? சவர்க்காரத் தண்ணீர் தடவி, மெதுவாகக் காற்று அடித்ததும் குமிழி குமிழியாக வந்தது.

புதுக் குழாய் போட்டோம். அதற்குக் கொடுத்தது டர்போவுக்குக் கேட்டதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குப் பிறகு ஏழு பயணம் போய் வந்துவிட்டோம். லைட் எரியவில்லை, ஏற்றத்தில் தள்ளிய கறுப்புப் புகையும் நின்றுவிட்டது. அளந்த காற்று வழியிலேயே போய்விட்டால் டீசல் முழுசாக எரியாது, அந்தப் புகைதான் அது. அதை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

பண்டாரவளையிலிருந்து:

அண்ணா, என்னுடையது பழைய பெற்றோல் சிங்கிள் கெப். விடிய பனி மூட்டத்தில் ஸ்டார்ட் பண்ணினால் வண்டி உதறும், லைட் மினுங்கும். பத்து மணி வெயிலில் ஒன்றும் இருக்காது. எண் பி0302, இரண்டாவது சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை. கராஜ் பாஸ் ஒன்றும் வாங்கச் சொல்லவில்லை. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலை இரண்டாவது சிலிண்டரிலிருந்து மூன்றாவதில் மாற்றிப் போட்டுவிட்டு, நாளைக்கு வா என்றார். மறுநாள் விடிய எண் பி0303 ஆகிவிட்டது. கொயிலோடு பழுதும் இடம் மாறியதால், கொயில்தான் என்று உறுதியானது. பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு கீறல், அதில் ஈரம் ஏறியிருக்கிறது. பெற்றோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: லைட் மினுங்கினால் தொடர்ந்து ஓட்டாதீர்கள். எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கன்வேட்டரைச் சுட்டுப் பாழாக்கிவிடும்.

நானுஓயாவிலிருந்து:

எங்கள் கெப்பை அப்பா கொழும்புப் பக்கம் வாங்கினார். இங்கே கொண்டுவந்த வாரமே லைட் எரிந்தது, பி0128. எஞ்சின் போதிய சூட்டுக்கு வரவில்லை என்பதுதான் அந்த எண். எஞ்சின் கொதிக்கிறது என்று, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெமோஸ்டட்டையே கழற்றிவிடும் வழக்கம் கீழே சில கராஜுகளில் உண்டு. அங்கே வெக்கையில் ஓடிவிடும். தை மாதக் குளிரில் தலவாக்கலைக்கு இறங்கும்போது சூட்டு முள் அடியிலேயே கிடந்தது, டீசலும் அள்ளிக் குடித்தது. தெமோஸ்டட் இருக்கும் இடத்தின் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே வெறும் ஓட்டை. புதுத் தெமோஸ்டட்டும் கேஸ்கட்டும் போட்டோம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஏறுவதற்குள் முள் நடுவுக்கு வந்து நின்றது. அப்பா ஹீட்டரைப் போட்டுப் பார்த்தார். வண்டி வாங்கிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் சூடான காற்று வந்தது.