கோத்தகிரியில் வேற்றுக்கிரகக் குறும்படம்: மூடுபனி லைட்டிங், சிக்னல் சந்தேகம்

குயின்சோலை:
பட்ஜெட் 40,000. இடம் ஒரு தேயிலைத் தோட்டம். வேற்றுக்கிரகவாசி திரையில் வரப்போவதில்லை. சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் ஒரு வெளிச்சம், ரேடியோவில் ஒரு சிக்னல், அவ்வளவுதான். டெஸ்ட் ஷாட்டில் எந்த லைட் போட்டாலும் மூடுபனி வெள்ளைச் சுவராக நிற்கிறது, ஏன்? இன்னொன்று, சிக்னல் வானத்திலிருந்துதான் வருகிறது என்று நாயகி எப்படிக் கண்டுபிடிப்பாள்? ஊட்டிப் பக்கத்து முத்தோரை ரேடியோ தொலைநோக்கியில் 1420 மெகாஹெர்ட்ஸில் கேட்பதாக எழுதியிருக்கிறேன்.

லைட்பாய்:
கேமரா பக்கமிருந்து லைட் அடிக்கிறீர்கள். லென்ஸுக்கு முன்னால் இருக்கும் பனித்துளிகள்தான் முதலில் வெளுக்கும். லைட்டை மரத்துக்கு 15 அடி பின்னால், கேமராவைப் பார்க்க வைத்து, பல்பு மரத்தண்டுக்குப் பின்னால் மறையும்படி நிறுத்துங்கள். ஒவ்வொரு மரத்தின் நிழலும் பனியில் கத்தி மாதிரி நீளும். ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூஷன் துணி போட்டால் அந்த நிழல் கரைந்துவிடும், வேண்டாம். 200 வாட் எல்இடி ஒன்றே போதும். அதை மூங்கிலில் கட்டி இரண்டு பேர் மெதுவாகக் குறுக்கே தூக்கிப் போனால் எல்லா நிழலும் ஒன்றாகத் திரும்பும். கிராஃபிக்ஸ் செலவு மிச்சம். மலிவு லைட் என்றால் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50, இல்லாவிட்டால் மினுக்கும்.

அலைவரிசை:
1420 வசனத்தை எடுத்துவிடுங்கள். 530 மீட்டர் நீள முத்தோரை தொலைநோக்கி வேலை செய்வது 326.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. 1420 ஹைட்ரஜனின் 21 செ.மீ. அலை. அதற்கு நாயகி வீட்டிலேயே அலுமினியத் தகட்டில் புனல் வடிவ ஹார்ன் ஆன்டெனா செய்யலாம். கூட மெல்லிய சிக்னலைப் பெருக்க ஒரு லோ நாய்ஸ் ஆம்ப்ளிஃபயர், லேப்டாப்பை ரேடியோவாக்கும் எஸ்டிஆர் டாங்கிள், லேப்டாப்.

வானத்திலிருந்துதான் வருகிறது என்பதற்கு ஒரு நாளைக்கு 4 நிமிஷ வித்தியாசமே போதும். ஹார்னை அசைக்காமல் வைத்தால், விண்மீன் பக்கமிருந்து வரும் சிக்னல் 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒருமுறை வரும். இன்று 9:00 என்றால் நாளை 8:56, ஒரு வாரம் கழித்து 8:32. ஆனால் டீ ஃபேக்டரி மோட்டாரின் ரேடியோ இரைச்சல் ஷிஃப்ட் நேரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் பென்சிலால் எழுதிய நேரங்களை மட்டும் குளோசப்பில் காட்டுங்கள், வசனமே வேண்டாம்.

ஹாம்_குன்னூர்:
அந்த 4 நிமிஷ ஆதாரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் ஏறக்குறைய அதே 4 நிமிஷம் முந்தித்தான் திரும்ப வரும். ஆனால் அது 1575.42 மெகாஹெர்ட்ஸில். 1400 முதல் 1427 வரை யாரும் ஒலிபரப்பக் கூடாத பட்டை. திரையில் அலைவரிசை எண் தெளிவாகத் தெரியட்டும், விஷயம் தெரிந்தவன் வாயடைத்துப்போவான்.

லைட்பாய்:
மறந்துவிட்டேன். வெளியே குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுபோனால் லென்ஸ் வேர்க்கும். வெளியிலேயே காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, உள்ளே அரை மணி நேரம் வைத்துத் திறங்கள். பேட்டரியைச் சட்டை உள்பையில் வையுங்கள். மூடுபனி வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பர். நட்சத்திரம் வேண்டுமென்றால் ஜனவரி. வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் எடுங்கள். தோட்டத்துக்காரர் அனுமதி போதும் என்று பக்கத்துச் சோலைக்குள் இறங்காதீர்கள், அது வனத்துறை இடம். இரவில் காட்டெருமை டீச்செடிக்கு நடுவில் சத்தமில்லாமல் நிற்கும், டார்ச்சோடு ஓர் ஆள் தனியாக வேண்டும்.