கார்பன் இழையில் அலுமினா பூச்சு: கற்றை விறைக்கிறது, பூச்சு உதிர்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?

உலைவாசி:
ஒரு மாதமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கையில் இருப்பது 3கே கார்பன் கற்றை, அதாவது 3000 இழை, ஒவ்வொன்றும் 7 மைக்ரான். போமைட் சோலில் (சுட்டால் அலுமினாவாகும் நுண்துகள்கள் மிதக்கும் நீர்மம்) முக்கி எடுத்து, காயவைத்து, நைட்ரஜனில் 500 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுகிறேன். இப்படி மூன்று முறை. சோல் எடையில் 5 சதவீதம் திடப்பொருள்.

வெளியே எடுத்தால் கற்றை ஈர்க்குச்சி மாதிரி விறைத்து நிற்கிறது. லேசாக வளைத்தாலே நறநறவென்று சத்தம், மேசையெல்லாம் வெள்ளைப் பொடி. டி.ஜி.ஏ.வில் (சூடேற்றிக்கொண்டே எடை மாறுவதை அளக்கும் கருவி) காற்றோட்டம் விட்டுப் பார்த்தால், பூசிய இழையும் பூசாத இழையும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில்தான் எரியத் தொடங்குகின்றன. அப்புறம் பூசி என்ன பயன்? சோலை இன்னும் கெட்டியாக்கிப் பார்க்கட்டுமா?

நுண்ணோக்கி:
கெட்டியாக்க வேண்டாம், பொறுங்கள். மூன்று கேள்வி. இழையின் மேலுள்ள சைஸிங்கை (தயாரிக்கும்போதே பூசிவிடும் பிசின் படலம்) எடுத்தீர்களா? எஸ்.இ.எம்.மில் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்தீர்களா, கற்றையை வெட்டி உள்ளே பார்த்தீர்களா? பூச்சு எத்தனை மைக்ரான்?

உலைவாசி:
சைஸிங்கைத் தொடவில்லை, வந்தபடியே முக்கினேன். வெளிப்பக்கம்தான் பார்த்தேன். சில இடத்தில் 1 மைக்ரான், சில இடத்தில் 2. பக்கத்துப் பக்கத்து இழைகளுக்கு நடுவே பசை ஊற்றியதுபோல் அடைத்திருக்கிறது. நடு நடுவே ஓடு கழன்று, இழை பளபளவென்று தெரிகிறது.

பழைய கை:
தம்பி, நீங்கள் இழைக்குப் பூச்சு போடவில்லை, கற்றைக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்த நறநற சத்தம் இழைகளுக்கு நடுவே உள்ள பாலங்கள் உடைகிற சத்தம். பாலம் உடையும்போது இழையின் மேலிருக்கும் பூச்சையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும்.

தடிமனைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு கணக்கு இருக்கும்: பாகுநிலை, இழுக்கும் வேகம் இரண்டின் பெருக்குத்தொகையின் 2/3 அடுக்குக்கு ஏற்பத் தடிமன் கூடும். வேகத்தை எட்டில் ஒன்றாக்கினால் தடிமன் கால்வாசி. ஆனால் அது தனி இழைக்குத்தான் பொருந்தும். கற்றைக்குள் இருக்கிற இடுக்குகள் சோலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் அது முழுதாக வடியாது. அதனால் முதலில் சோலை நீர்க்க வைக்க வேண்டும், 1 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. கற்றையை உருளைகளுக்கு மேல் ஓட்டி, நாடாபோலப் பரப்பிய பிறகு முக்குங்கள்.

அடுத்தது விரிவு. கார்பன் இழை நீளவாக்கில் சூட்டுக்கு விரிவதே இல்லை, லேசாகச் சுருங்குகிறது என்றே சொல்லலாம், டிகிரிக்கு மைனஸ் 0.5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) போல. அலுமினா சுமார் 8. அப்படியானால் 500 டிகிரியிலிருந்து ஆறும்போது இரண்டுக்கும் நடுவே 0.4 சதவீதம் இழுபறி. கெட்டி அலுமினா 0.1 சதவீதத்தைத் தாண்டினாலே விரிசல் விடும். நுண்துளையுள்ள மெல்லிய படலம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், தடித்த படலம் கொடுக்காது. விரிசலை ஓடவைக்கும் ஆற்றல் தடிமனோடு கூடுகிறது. 2 மைக்ரான் ஓடு கழன்று விழுந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 0.1, 0.2 மைக்ரானில் நிறுத்துங்கள்.

சைஸிங்கை அவசியம் எடுத்துவிடுங்கள். அது எப்பாக்ஸிக்காக வைத்த பிசின். சுடும்போது அது சிதைந்து, பூச்சுக்கு அடியில் கரியும் வாயுவும் ஆகும். அசிட்டோனில் சாக்ஸ்லெட் (கரைப்பானைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுக் கழுவும் கண்ணாடிக் கருவி) வைத்துக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும்.

நுண்ணோக்கி:
இன்னொன்று. சைஸிங் போன பிறகு இழையை மிதமாக ஆக்ஸிஜனேற்றினால் மேற்பரப்பில் அமிலத் தொகுதிகள் வந்து, எதிர்மின்னூட்டம் ஏறும். போமைட் துகள் அமிலச் சோலில் நேர்மின்னூட்டத்தோடு இருக்கும், தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். நைட்ரிக் அமிலத்தில் ரொம்ப நேரம் போட்டுவிடாதீர்கள், குழி விழுந்து இழையின் பலம் போய்விடும். ஒருதடவை நான் மறந்துபோய் ராத்திரி முழுக்க விட்டேன், காலையில் இழையைத் தொட்டதும் ஒடிந்தது.

டி.ஜி.ஏ. விஷயம்: மாதிரியைத் துண்டு துண்டாக வெட்டி வைத்தீர்களா? வெட்டிய முனையில் பூச்சு கிடையாது, ஆக்ஸிஜன் அங்கேயிருந்தே உள்ளே போகும். எரிந்த பிறகு மிச்சத்தை எஸ்.இ.எம்.மில் போட்டுப் பாருங்கள். உள்ளே ஒன்றுமில்லாத அலுமினாக் குழல்கள் வரிசையாகக் கிடந்தால், பூச்சு மோசமில்லை, உங்கள் சோதனைதான் மோசம்.

வார்ப்புக்காரன்:
யாருமே கேட்கவில்லையே, இந்த இழை எதற்குள் போகப்போகிறது?

உலைவாசி:
அலுமினியம் வார்ப்புக்குள். உருகிய உலோகம் இழையைத் தின்றுவிடும் என்றுதான் பூச்சு.

வார்ப்புக்காரன்:
அப்போது காற்றில் எப்போது எரியத் தொடங்குகிறது என்பது இரண்டாம்பட்சம். உங்கள் எதிரி அலுமினியம் கார்பைடு. இழையும் உருகிய அலுமினியமும் தொட்டால் இடைமுகத்தில் அது உருவாகும், நொறுங்கும். பிறகு ஈரம் பட்டால் தண்ணீரோடு வினைபுரிந்து மீத்தேனை விட்டுக் கரைந்துபோகும். வார்த்த அன்று நன்றாகத் தெரிகிற துண்டு நாளாக நாளாக உள்ளேயிருந்து கெடுவது இதனால்தான். பூச்சில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கேதான் கார்பைடு முளைக்கும். அதனால் பழைய கை சொன்ன மெல்லிய பூச்சுதான் சரி.

ஆனால் ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அலுமினியம் 660 டிகிரியில் உருகுகிறது. அதைவிடக் கொஞ்சம் மேலே வைத்தால், உருகிய அலுமினியம் அலுமினாவை நனைக்காது, தாமரை இலைத் தண்ணீர்தான். கற்றைக்குள் உலோகம் தானாக இறங்காது. அழுத்தம் கொடுத்து உள்ளே தள்ள வேண்டும், அல்லது பொட்டாசியம் ஃப்ளூரோசிர்க்கோனேட் மாதிரி உப்பை இழையில் ஏற்றி நனைய வைக்க வேண்டும்.

உலைவாசி (இரண்டு வாரம் கழித்து):
சைஸிங் எடுத்தேன், பரப்பினேன், 0.8 சதவீத சோலில் இரண்டு முறை மட்டும் முக்கினேன். கற்றை துணி மாதிரி வளைகிறது, பொடி இல்லை. எரித்த மிச்சத்தில் நுண்ணோக்கி சொன்ன குழல்கள் அப்படியே கிடக்கின்றன! பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஆனால் வெட்டிப் பார்த்தால் கற்றையின் நடுவில் இருக்கும் சில இழைகளில் பூச்சே இல்லை. அப்புறம், தனி இழையின் இழுவிசைப் பலத்தைக் கணக்கிட எந்த விட்டத்தை எடுப்பது?

பழைய கை:
முதலில் விட்டம். இழை மட்டும், 7 மைக்ரான். 0.1 மைக்ரான் பூச்சையும் சேர்த்தால் பரப்பு கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடும், பலம் அந்த அளவுக்குக் குறைந்ததுபோல் தெரியும். பழைய 1 மைக்ரான் பூச்சில் பரப்பு 65 சதவீதம் கூடியிருக்கும், அந்த எண்களைத் தூக்கிப் போடுங்கள். குறைந்தது 25, 30 இழையாவது இழுத்து வெய்புல் (பலம் இழைக்கு இழை எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் புள்ளியியல் கணக்கு) போடுங்கள்.

நடு இழைகளுக்கு: முக்கும்போது வெற்றிடத்தில் வைத்துக் காற்றை வெளியேற்றிப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால் கற்றையை இன்னும் அகலமாகப் பரப்புங்கள். சோலை மட்டும் கெட்டியாக்காதீர்கள்.