சிப்பிக்காளான் லாக்கேஸ்: தென்னை நார்க்கழிவு சேர்த்தால் அளவு குறைகிறதே, ஏன்?

கொழிஞ்சாம்பாறை மாணவி:
வணக்கம். எம்.எஸ்சி. புராஜெக்டுக்காகச் சிப்பிக்காளான் சுரக்கும், லிக்னினைச் சிதைக்க உதவும் லாக்கேஸ் நொதியைக் கூட்டப் பார்க்கிறேன். பாலக்காட்டின் இந்தக் கிழக்குப் பக்கம் எங்கும் தென்னந்தோப்பு. நார்க்கழிவு சும்மாவே கிடைக்கும் என்பதால் அதை வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்தேன். லாக்கேஸ் பட்டால் செங்காவியாகும் குவாயகால் கலந்த அகர் தட்டில் பூஞ்சையைச் சுற்றிச் செங்காவி வளையம் பளிச்சென்று வருகிறது. ஆனால் உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் திரவத்தில் 2% நார்க்கழிவு போட்டு வளர்த்து, வடிகட்டி, ஏபிடிஎஸ் (லாக்கேஸ் பட்டால் பச்சையாகும் பொருள்) வைத்து 420 நானோமீட்டர் ஒளியில் நிறத்தை அளந்து பார்த்தால், கழிவு போடாத குடுவையை விடக் குறைவாகக் காட்டுகிறது. இழை நன்றாகத்தான் படர்ந்திருக்கிறது. கைடு, பல காரணிகளில் முக்கியமானவற்றைச் சில சோதனைகளிலேயே பொறுக்கும் பிளாக்கெட்-பர்மன் என்ற புள்ளியியல் முறையில் இறங்கச் சொல்கிறார். எந்தக் காரணிகளை எடுக்கலாம்?

கோவை, நொதி ஆய்வகம்:
பிளாக்கெட்-பர்மன் இப்போதைக்கு வேண்டாம் தங்கச்சி. அளக்கும் முறையே சந்தேகமாக இருக்கும்போது எத்தனை காரணிகளை மாற்றினாலும் வருகிற எண்ணை நம்ப முடியாது. நார்க்கழிவு இந்தக் காளானுக்கு ஆகாத பொருளும் இல்லை. ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து என்று போட்டு மட்க வைப்பது பழைய பரிந்துரைதானே. எனக்கு மூன்று விவரம் சொல்லுங்கள். பிளாங்க்கில் (கருவியைப் பூஜ்யமாக்க வைக்கும் ஒப்பீட்டுக் கலவை) என்ன வைக்கிறீர்கள்? பஃபர் (பிஹெச் மாறாமல் வைக்கும் கரைசல்) எந்தத் தண்ணீரில்? நிறம் ஏறுவதை இடைவெளி விட்டுப் பல தடவை பார்க்கிறீர்களா, கடைசியில் ஒரே தடவையா?

கொழிஞ்சாம்பாறை மாணவி:
பிளாங்க்கில் பஃபரும் ஏபிடிஎஸ்ஸும் மட்டும். தண்ணீர் போர்வெல், ஃபில்டர் வழியாக வருவது. 5 நிமிடம் கழித்து ஒரு தடவை பார்க்கிறேன் அண்ணா.

சித்தூர், காளான் வித்துக்கூடம்:
தண்ணீரை முதலில் கவனியுங்கள். நம் சித்தூர் வட்டத்தில் பல கிணறுகளில் ஃப்ளோரைடு அதிகம், லாக்கேஸை அது நன்றாகவே தடுக்கும். குளோரைடும் தடுக்கும், அதைவிடக் குறைவாக. பச்சை நார்க்கழிவில் பொட்டாசியமும் குளோரைடும் நிறைய இருப்பதால்தான் நாற்றங்கால்காரர்கள் அதைக் கழுவாமல் பயன்படுத்துவதில்லை. ஊற வைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். கடைசிக் கழுவலும் பஃபரும் காய்ச்சி வடித்த நீரில் இருக்கட்டும்.

கோவை, நொதி ஆய்வகம்:
அதோடு இன்னொன்று. நார்க்கழிவிலிருந்து டானின் மாதிரி பாலிபீனால்கள் கரைந்து வரும். லாக்கேஸ் ஏபிடிஎஸ்ஸைப் பச்சையாக்கினால், இவை அந்தப் பச்சையைத் திரும்ப நிறமற்றதாக்கிவிடும். தீரும்வரை நொதி வேலை செய்வதே கண்ணுக்குத் தெரியாது. அதனால் 15 விநாடிக்கு ஒரு தடவை எண்ணைக் குறித்து வரைபடம் போடுங்கள். கோடு முதலில் படுத்திருந்து அப்புறம் ஏறினால் பாலிபீனால். தொடக்கத்திலிருந்தே சாய்வு குறைவு என்றால் உப்பு. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கழிவு போடாத குடுவையின் வடிநீரோடு, கழிவுக் குடுவையின் வடிநீரை, அதிலுள்ள நொதி செயலிழக்கும்படி கொதிக்க வைத்து ஆற்றிக் கலந்து பாருங்கள். அதே அளவு பஃபர் கலந்ததை விடக் குறைந்தால், குற்றவாளி கழிவுதான், காளான் இல்லை. பிளாங்க்கிலும் ஏபிடிஎஸ் இல்லாமல் பழுப்பு வடிநீர் ஒன்று வையுங்கள், 420-இல் அதுவே ஒளியை உறிஞ்சும்.

கொழிஞ்சாம்பாறை மாணவி:
பார்த்துவிட்டேன். கோடு முதலில் அப்படியே படுத்துக் கிடந்தது, பிறகு ஏறியது. கொதிக்க வைத்த வடிநீரைக் கலந்தாலும் அதே படுக்கை. கழிவைக் கழுவிப் போட்ட குடுவையில் படுக்கை சுருங்கிவிட்டது, சாய்வும் கழிவில்லாக் குடுவையைத் தாண்டிவிட்டது! இனி ஊடகத்துக்கு வரலாமா?

கோவை, நொதி ஆய்வகம்:
இப்போது வரலாம். மிச்சமிருக்கும் நிறத்துக்கு வடிநீரை, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் 12–14 கிலோடால்டன் டயாலிசிஸ் பையில் போட்டு, 4 டிகிரியில் இரவு முழுக்க அசிடேட் பஃபரில் வையுங்கள். லாக்கேஸ் பெரிய மூலக்கூறு, வெளியே போகாது.

ஊடகத்தில் முதலில் சர்க்கரை. லிட்டருக்கு 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் இருந்தால் பல பூஞ்சைகள் அது தீரும்வரை லாக்கேஸ் பக்கம் திரும்பாது. 5, 10 கிராமிலும் வைத்துப் பாருங்கள். நைட்ரஜனைப் பட்டினி போட வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அது ஃபானரோகீட் என்ற வேறு பூஞ்சையின் லிக்னின் பெராக்சிடேஸ் என்ற வேறு நொதிக்குச் சொன்னது. சிப்பிக்காளானுக்கு அதை அப்படியே எடுக்காதீர்கள், நைட்ரஜன் தரும் ஈஸ்ட் சாறு கொடுத்தும் ஒரு குடுவை வையுங்கள். கழுவியதில் நொதியைத் தூண்டும் பீனால்களும் கொஞ்சம் போயிருக்கும். கோதுமைத் தவிடு 1% சேர்த்தால் அதன் ஃபெருலிக் அமிலம் அதை ஈடு செய்யலாம்.

பிறகு தாமிரம். லாக்கேஸின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 தாமிர அணு உண்டு. 100 மில்லியில் 1.25 கிராம் காப்பர் சல்ஃபேட் பென்டாஹைட்ரேட் கரைத்து, தனியே வடிகட்டிக் கிருமி நீக்குங்கள். 100 மில்லி ஊடகத்துக்கு அதில் 1 மில்லி விட்டால் 0.5 மில்லிமோலார். முதல் நாளே விட்டால் இழை முடங்கிவிடும், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ விடுங்கள். அதிலிருந்து தினமும் மாதிரி எடுங்கள், உச்சம் எந்த நாள் என்பது ஊடகத்துக்கு ஊடகம் மாறும்.

இத்தனையும் ஒரு தடவை ஓடிய பிறகு, எது எண்ணை அசைக்கிறதோ அதை மட்டும் பிளாக்கெட்-பர்மனுக்கு எடுங்கள். சர்க்கரை, ஈஸ்ட் சாறு, தவிடு, தாமிரம், தொடக்க பிஹெச் போதும்.

சித்தூர், காளான் வித்துக்கூடம்:
தாமிரம் கலந்த மிச்சத்தைத் தென்னைக்கு ஊற்றிவிடாதீர்கள், தனிக் கேனில் சேர்த்து வையுங்கள். வித்து வேண்டுமென்றால் சொல்லுங்கள், வேலந்தாவளம் பக்கம் வரும்போது கொண்டு வந்து தருகிறேன்.