கோயில் மண்டபத்தில் ஞாயிறு வகுப்பு: தேவையா, வீண் வேலையா?

தண்ணீர்மலைவாசி:
பினாங்கு நண்பர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத்தை ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் சும்மா தருகிறார்கள். ஒரு வாரம் மரம், பறவை. ஒரு வாரம் ஜார்ஜ்டவுன் வரலாறு. அப்புறம் தேவாரப் பண். கடைசி வாரம் இனிப்புநீர், ரத்த அழுத்தம். எல்லாம் தமிழில். பரீட்சை இல்லை, வயதுக் கணக்கும் இல்லை. கமிட்டியில் ஒருவர், "கையில் போன் வைத்திருக்கிறவனுக்கு வகுப்பு எதற்கு, யூடியூப்பில் இல்லாததா?" என்று கேட்டுவிட்டார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ரீப்ளே_ராஜா:
அவர் கேட்டதில் என்ன தப்பு? தமிழ் விக்கிப்பீடியா 2003-இலிருந்து இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியது. தேவாரமும் சங்க இலக்கியமும் அங்கே காசில்லாமல் கிடைக்கின்றன. இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராவிட்டாலும் படிக்கலாம். உங்கள் மண்டபம் அப்போது திறந்திருக்குமா?

வார்டு_அக்கா:
ராஜா தம்பி, ஓய்வு பெறும் வரை வார்டில் இருந்தவள் நான். ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். கிளினிக்கில் தேதி கொடுத்தால், அதற்கு முந்தின வாரம் மட்டும் சோற்றைக் குறைத்து, இனிப்புப் பால் டீயான தே தாரிக்கை விட்டுவிட்டு வருவார்கள். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அழகாக இருக்கும். எச்.பி.ஏ.1.சி முடிவு வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கிறது. அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. இரண்டு மூன்று மாதம் சாப்பிட்டதை ஒரு வாரப் பத்தியத்தால் மறைக்க முடியாது.

இதைத் தமிழில் பத்து நிமிடம் உட்கார்ந்து சொன்னால் எந்தப் பாட்டிக்கும் புரியும். வெளியே வரிசை நிற்கும்போது டாக்டரால் அது முடியாது. யூடியூப்பில் தேடினால், பாகற்காய்ச் சாறு குடி, மாத்திரையைத் தூக்கிப் போடு என்று ஒருவன் கத்துகிறான். திருப்பிக் கேள்வி கேட்க அவன் எதிரே இல்லை. மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. நம் வீட்டுக் கதை இது, தம்பி.

ஷிப்டு_பாயான்:
அக்கா சொல்லும் சுகாதார வகுப்பு சரி. மீதியெல்லாம் பென்ஷன்காரர்களின் பொழுதுபோக்கு. கோபம் வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்டு. ஞாயிறு காலையில்தான் வீட்டுக்கு வந்து படுப்பேன். பறவை பெயர் தெரிந்து என் சம்பளம் ஏறுமா? எனக்கு வேண்டியது சர்டிபிகேட். 21 வயதும் வேலை அனுபவமும் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு முந்தின எஸ்.டி.பி.எம் பரீட்சை இல்லாமலே டிகிரிக்கு முயல, அனுபவத்தையே தகுதியாக எடுத்துக்கொள்ளும் ஏபெல் வழி இருக்கிறது. கொமுனிட்டி காலேஜில் குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கின்றன. திறந்த பல்கலைக்கழகமே இந்தத் தீவில் இருக்கிறது. அந்தப் பாரங்களை நிரப்பக் கற்றுக்கொடுங்கள், முதல் ஆளாக வருகிறேன்.

தண்ணீர்மலைவாசி:
பாரம் நிரப்பவும் ஒரு வாரம் வைக்கலாம், நல்ல யோசனை. ஆனால் பறவை, மரத்தை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். பொட்டானிக் கார்டனில் நாகலிங்க மரம் பார்த்திருப்பீர்கள். பூ கிளையில் வராது, நேராக அடிமரத்திலிருந்தே காம்பு நீட்டிப் பூக்கும். பீரங்கிக் குண்டு மாதிரி காய். பூ மணக்கும், பழம் உடைந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். சிவலிங்கத்தின் மேல் படம் எடுத்த பாம்பு போலப் பூ இருப்பதால், அது ஆதியிலிருந்தே நம் நாட்டு மரம் என்று வாட்சாப்பில் சுற்றுகிறது. அதன் ஊர் தென் அமெரிக்கா. மரத்தடியில் நின்று இதைச் சொன்னால், அப்படியென்றால் இங்கே எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வரும். 1884-இல் பிரிட்டிஷார் அந்தத் தோட்டத்தை ஏன் போட்டார்கள், எந்தெந்தச் செடியை எங்கிருந்து கொண்டு வந்தார்கள் என்று வரலாற்று வகுப்பு தானாகத் தொடங்கிவிடும்.

ரீப்ளே_ராஜா:
சரி, யார் சொல்லிக்கொடுப்பார்கள்? அதுதான் என் சந்தேகம். 1973-இல் பிரான்ஸின் துலூஸில் முதியோருக்கான மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது பாடம் நடத்தியது பல்கலைக்கழகம். நம் நாட்டில் செர்டாங்கிலும் புத்ரா பல்கலைக்கழகம்தான் அதை ஆரம்பித்தது. இங்கே யார்? ரிட்டையரான சார் ஒருவர் தனக்குத் தெரிந்ததை அடித்துவிடுவார். வாட்சாப்பில் வந்ததே மைக்கில் வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வார்டு_அக்கா:
பாதிக் கதை சொல்லிவிட்டீர்கள். 1980-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் அதையே வேறு விதமாகச் செய்தார்கள். சம்பளப் பேராசிரியர் இல்லை, பட்டம் இல்லை. உறுப்பினர்களே மாறி மாறிப் பாடம் எடுத்தார்கள், பிரிட்டன் முழுக்க அது பரவியது. உங்கள் பயம் எனக்கும் உண்டு. அதனால் மருந்து விஷயத்தை மருந்தாளரோ டாக்டரோதான் பேச வேண்டும். பண் பாட ஓதுவார் இருக்கிறார். செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தை 1818-இல் கட்டி முடித்ததில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகளின் உழைப்பு இருக்கிறது. அதைச் சொல்ல, நன்றாகப் படித்துவிட்டு வரும் யாரானாலும் போதும். தப்பாகச் சொன்னால் முன்வரிசையில் யாராவது எழுந்து கேட்பார்கள்.

கிரீன்லேன்_மகள்:
நீங்கள் எல்லாரும் பாடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அம்மாவுக்கு முட்டி வலி. மண்டபம் மாடியிலா, கீழேயா? கழிவறை குந்தும் வகையா, உட்காரும் வகையா? கைப்பிடி இருக்கிறதா? போன தடவை வேறொரு இடத்தில் "அனைவரும் வருக" என்று பேனர் கட்டியிருந்தார்கள், உள்ளே போனால் செங்குத்தான படிக்கட்டு. அம்மா கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு வந்தார். காதும் கொஞ்சம் மந்தம். மைக் வைத்தால் எதிரொலியில் ஒன்றும் புரிவதில்லை. இருபது பேர் வட்டமாக உட்கார்ந்தால் கேட்கும். ராஜா சொல்வது போல் வீடியோ எடுத்தும் போடுங்கள், எழுத்து பெரிதாக ஓடட்டும். வர முடியாதவர்கள் பார்ப்பார்கள். இதில் சண்டை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

தண்ணீர்மலைவாசி:
கீழ்த்தளம்தான், சகோதரி. கழிவறை ஒன்று உட்காரும் வகை, கைப்பிடி இல்லை. புதன்கிழமை கமிட்டி கூடுகிறது, முதலில் அதைக் கேட்கிறேன். ரெக்கார்டிங் பொறுப்பை ராஜா எடுத்துக்கொள்கிறாரா?

ரீப்ளே_ராஜா:
எடுத்துத் தருகிறேன். வகுப்பு தேவை என்று ஒத்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம்.

ஷிப்டு_பாயான்:
எல்லாம் சரி அண்ணே. ஞாயிறு காலையை மாற்றுவது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே? என் லைனில் மட்டும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு டஜன் பேர் இருக்கிறோம். புதன்கிழமை அதையும் கேளுங்கள்.