ஐந்து மீட்டர் உயர சிமென்ட் ஷீட் கூரைக்கு எந்தப் பாதுகாப்புக் கயிறு?

கடலூர் முதுநகரில் ஒரு பழைய மீன் கிடங்கின் சிமென்ட் ஷீட் கூரையை மாற்றும் வேலை எங்களுடையது. ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும். கூரையின் உயரம் 5 மீட்டர்.

முழு உடல் ஹார்னஸும் (உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை), அதிர்வு தாங்கியுடன் (விழும்போது விரிந்து அதிர்ச்சியைக் குறைக்கும் பகுதி) கூடிய 1.8 மீட்டர் இரட்டைக் கயிறும் கையில் இருக்கின்றன. சிக்கல் கணக்கில்தான். தலைக்கு மேல் கொக்கி மாட்ட எதுவும் இல்லை. கால் மட்டத்தில்தான் மாட்ட முடியும். கயிறு 1.8, அதிர்வு தாங்கி முழுதாக விரிந்தால் ஏறத்தாழ 1.75, ஹார்னஸின் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5, தரைக்கு மேல் கூடுதல் இடைவெளி 1 மீட்டர். மொத்தம் 6 மீட்டரைத் தாண்டுகிறது. அதாவது கயிறு முழுதாகப் பிடித்து நிறுத்துவதற்குள் ஆள் தரையில் மோதிவிடலாம்.

கீழே வலை கட்டப் பார்த்தோம், சரக்கு அடுக்கியிருப்பதால் முடியவில்லை. நடைப்பலகை போட்டுவிட்டோம்; அது ஷீட் உடையாமல் காக்கும், ஓரத்தில் சறுக்கினால் உதவாது. தானே சுருங்கும் கயிறு ஒன்றைப் பார்த்தோம்; தலைக்கு மேல் மாட்ட மட்டுமே என்று கையேட்டில் இருக்கிறது. புதுச்சேரிக் கடைக்காரரோ 'எதுவானாலும் தாங்கும்' என்கிறார். உப்புக் காற்றில் ஓரத்து இரும்புச் சட்டங்கள் துருப்பிடித்திருக்கின்றன. நடு டிரஸ்கள் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகங்கள்) மட்டும் உறுதியானவை.

டிரஸ்களுக்கு இடையே கம்பிவடம் இழுத்து, ஓரத்தை எட்டாத அளவு குட்டைக் கயிறு மாட்டுவதா, கால் மட்டத்திலும் கூர்விளிம்பிலும் பயன்படுத்தச் சான்று பெற்ற சுருங்கும் கயிறு வாங்குவதா: இந்தக் கூரைக்கு எது சரி?